சைக்கிள் பாதையில் லூர்தம்மாள்

ஆரஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டபோது, இதுவும் ஒருவிதத்தில் நல்லதுதான் என்று லூர்தம்மாளுக்குத் தோன்றியது. முதுகில் ‘சமூக சேவை’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். போகிற வருகிறவர்கள் கோட்டைத்தான் பார்ப்பார்கள். அதற்குள் இருப்பது யாரென்று குனிந்து பார்க்கப்போவதில்லை.

வரிச்சிக்குடிப் பக்கமிருந்து வாய்க்கால் கரையோடு வந்து, கோவில்பத்தைத் தொட்டு ஊருக்குள் நுழைகிற சைக்கிள் பாதை அது. பெரிய ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படுகிற பாட்டைப் பார்த்துப் போட்டது. போட்டார்களே தவிர, அப்புறம் அதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. இரண்டு பக்கமும் கருவேலம் முள் வளைந்து வந்து முகத்தைக் கீறியது. பதித்த கற்கள் மழையில் எழும்பிக்கொண்டன. சாயங்காலமானால் கரையில் உட்கார்ந்து குடிக்கிறவர்கள் பாட்டிலை உடைத்துப்போட்டுவிட்டுப் போனார்கள். புதுச் சட்டம் வந்து, சின்னக் குற்றங்களுக்கு ஜெயிலுக்குப் பதிலாகச் சமூக சேவை என்று கோர்ட்டு ஆட்களை அனுப்பத் தொடங்கியதும், நகராட்சிக்காரர்கள் அவர்களை இந்தப் பாதைக்குத் திருப்பிவிட்டார்கள்.

மேற்பார்வைக்கு வந்தவள் அல்லி. நகராட்சியில் மேஸ்திரி. லூர்தம்மாளைவிடப் பத்து வயதாவது சின்னவள்.

“அக்கா, அருவா புடிச்சுப் பழக்கமா?”

“அருவாமனைதான் பழக்கம்.”

“அப்ப நீங்க கண்ணாடிய பொறுக்கிட்டுப் பெருக்குங்க. முள்ளு வெட்ட அன்பழகன் சார் இருக்காரு.”

அன்பழகன் சார் ஏதோ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் சட்டையைக் கழற்றி எறிந்து ரகளை செய்ததற்காக அனுப்பப்பட்டவர். தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று தலையில் போட்ட ஹெல்மெட்டைக் கழற்றாமலே முள் வெட்டினார். வெயில் ஏற ஏறக் கண்ணாடிக்குள் வியர்வை கோடு கோடாக இறங்கும். அல்லி எவ்வளவோ சொல்லியும் கழற்றவில்லை.

அவருடைய குற்றம் என்னவென்று அல்லிக்குத் தெரியும். லூர்தம்மாளுடையது என்னவென்றும் தெரியும். திருட்டு. அல்லி அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனாலும் முதல் நாள் மட்டும், தன் பையை மரத்தடியில் வைக்காமல் தோளிலேயே மாட்டிக்கொண்டிருந்தாள். லூர்தம்மாள் அதைக் கவனித்தாள். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பாள்.

அவள் திருடியது ஒரு சைக்கிளை.

லூர்தம்மாளுக்கும் சந்தனசாமிக்கும் ஒரே மகள் ஜோவிதா. பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் மழை நேரத்தில் ஊரெல்லாம் காய்ச்சலாக இருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து தலை வலிக்கிறது என்று படுத்தவள், அந்த வாரம் முடிவதற்குள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். வீட்டில் அவளுடைய துணிமணி, புத்தகம், செருப்பு, நீல நிறச் சைக்கிள் எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன.

துணியையும் புத்தகத்தையும் லூர்தம்மாள் தொடவில்லை. சைக்கிளை மட்டும் விடவில்லை. தினமும் காலையில் ஈரத்துணியால் துடைப்பாள். டயரை அமுக்கிக் காற்று பார்ப்பாள். பள்ளிக்கூட நேரத்துக்கு வாசலில் கொண்டுவந்து ஸ்டாண்டு போட்டு நிறுத்துவாள். பொழுது சாய்ந்ததும் திண்ணையில் ஏற்றி வைப்பாள். அக்கம்பக்கத்தில் முதலில் பரிதாபப்பட்டார்கள். பிறகு பார்க்காததுபோலப் போனார்கள். சந்தனசாமி டைல்ஸ் ஒட்டுகிறவர். காலையில் கிளம்பினால் இருட்டித்தான் திரும்புவார். அவரும் வெகுநாள் ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தார். ஒருநாள் மட்டும், “யாருக்காக லூர்து இதெல்லாம்?” என்று கேட்டார். அவள் டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் சைக்கிளைக் காணோம்.

“ராத்திரி எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்போல” என்றார் சந்தனசாமி.

“போலீஸ்ல சொல்லுவோங்க.”

“பழைய சைக்கிளுக்குப் போயி யாரு ஸ்டேஷனுக்கு அலையறது? விடு.”

அவள் விடவில்லை. அன்று முதல் கண்ணில் பட்ட சைக்கிளையெல்லாம் பார்க்கத் தொடங்கினாள். கடைத்தெருவில், கோயில் வாசலில், ஆஸ்பத்திரிக்கு வெளியே, பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக. அவள் வேலை பார்த்த ஃபேன்சி கடையில் வளையல் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே தெருவில் பெல் சத்தம் கேட்டால் கழுத்து திரும்பிவிடும்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் மாலை, டியூஷன் சென்டர் ஒன்றின் வாசலில் வரிசையாக நின்ற சைக்கிள்களில் அதைக் கண்டாள். நிறம் சிவப்பு. ஆனால் ஸ்டாண்டு போட்டால் இடப்பக்கம் ஒரு சாய்வு சாய்ந்து நிற்குமே, அந்தச் சாய்வு. கோயில் கேட்டில் ஜோவிதா மோதியபோது பின் மட்கார்டில் விழுந்த நெளிவு. அது இல்லை என்று ஒரு கணம்கூட அவளுக்குத் தோன்றவில்லை. பூட்டாமல்தான் இருந்தது. ஸ்டாண்டை எடுத்தாள், தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது.

மறுநாள் போலீஸ் வந்தது. ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். “இது ஒங்க சைக்கிளாங்க?” என்று சந்தனசாமியைப் பார்த்துக் கேட்டார்.

சந்தனசாமி சைக்கிளைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

“எங்க சைக்கிள் நீலம் சார். இது செவப்பு.”

“பெயின்ட் மாத்தியிருக்காங்கங்க” என்றாள் லூர்தம்மாள். “ஸ்டாண்ட பாருங்க. மட்கார்ட பாருங்க. ஒங்களுக்குத் தெரியலையா?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “புள்ள போனதுலேருந்து அவளுக்கு மனசு சரியில்ல சார். எதப் பாத்தாலும் அது மாதிரியேதான் தெரியுது” என்றார்.

சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆனாலும் புகார் பதிவாகிவிட்டிருந்தது. இலவச வக்கீலாக வந்த பெண், “ஒத்துக்கிட்டீங்கன்னா சமூக சேவையோட முடிஞ்சிரும்மா. இழுத்தா வருஷக்கணக்குல போவும்” என்றாள். கோர்ட்டில் நீதிபதி கேட்டபோது, “ஆமாங்கய்யா, எடுத்தேன்” என்றாள். ஒரு மாதம், காலை வேளையில், நகராட்சி சொல்கிற இடத்தில் வேலை. ஃபேன்சி கடைக்காரர், “கொஞ்ச நாள் கழிச்சு வாங்கம்மா, நானே சொல்லி அனுப்புறேன்” என்றார்.

திருடி என்ற பெயர்கூட அவளை அவ்வளவாக அரிக்கவில்லை. அரித்தது வேறொன்று. பெற்ற பிள்ளையின் சைக்கிளையே அடையாளம் தெரியாமல்போன புத்தி, நாளைக்கு எதையெல்லாம் தொலைக்கும்? கண்ணாடிச் சில்லைப் பொறுக்கிக்கொண்டே ஜோவிதாவின் முகத்தை நினைத்துப் பார்ப்பாள். கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது. வலது கன்னமா, இடது கன்னமா? வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் போட்டோவை எடுத்துப் பார்ப்பாள். ஒருநாள் வலது என்று நினைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், இடதில் இருந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை. ‘அவர் சொன்னது சரிதான், என் தலைக்குள்ள என்னமோ கழண்டுபோச்சு’ என்று முடிவே செய்துவிட்டாள்.

அந்தச் சைக்கிளுக்குச் சொந்தக்காரப் பெண்ணும் இந்தப் பாதையில்தான் தினமும் போய்வந்தாள். அது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. பெயர் கீர்த்திகா. வரிச்சிக்குடியிலிருந்து வருகிறவள். சிவப்புச் சைக்கிள். முதல்முறை லூர்தம்மாளைக் கண்டதும் பிரேக் பிடித்து இறங்கிவிட்டாள். கூட வந்த தோழிகள் என்னமோ கிசுகிசுத்தார்கள். பிறகு மூன்று பேரும் ஒரே மிதியாக மிதித்துக் கடந்து போனார்கள். மறுநாளிலிருந்து அவர்கள் வருகிற நேரத்துக்கு லூர்தம்மாள் வாய்க்காலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். பிள்ளை பயப்படாமல் போகட்டும் என்றுதான். சிவப்பு கண்ணில் பட்டால் தன் புத்தி மறுபடியும் பொய் சொல்லும் என்பதும் இன்னொரு காரணம்.

நடைப்பயிற்சிக்கு வருகிற பெரியவர் ஒருவர் நின்று அன்பழகனிடம், “திருட்டுக் கும்பல வச்சாவது ரோட்ட சுத்தம் பண்றானுவளே, நல்லதுதான்” என்று சொல்லிவிட்டுப் போவார். ஹெல்மெட் தலை ஆடும். அல்லி மட்டும் அவர் போனபிறகு, “இவரு நாயி அசிங்கம் பண்ணுறத அள்ளுறதும் நீங்கதான் அக்கா. அத மட்டும் சொல்ல மாட்டாரு” என்பாள். நாளாக ஆக அல்லி தன் பையை மரத்தடியில் வைத்துவிட்டு டீ வாங்கப் போனாள். எழும்பிய கற்களைப் பெயர்த்து, மணலைச் சமன்படுத்தி, மறுபடி பதிக்க லூர்தம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். டைல்ஸ்காரர் மனைவிக்கு அது சீக்கிரம் பிடிபட்டது. ரப்பர் சுத்தியலால் தட்டும்போது வருகிற சத்தத்தை வைத்தே கல் உட்கார்ந்துவிட்டதா என்று சொல்ல முடிந்தது. கைக்கு வேலை இருந்தபோது தலை கொஞ்சம் ஓய்ந்து கிடந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை தூறல் விட்டபோது கீர்த்திகா தனியாக வந்தாள். தோழிகள் முன்னால் போய்விட்டிருந்தார்கள்போல. அன்பழகன் முள் வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் சட்டென்று நின்றுவிட்டது. சங்கிலி உள்ளே எங்கேயோ சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. ஹெல்மெட் போட்ட ஓர் ஆள் கையில் அரிவாளோடு உதவிக்கு வருவதைப் பார்த்ததும் பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது.

“நீங்க அங்கயே நில்லுங்க சார்” என்று சொல்லிவிட்டு லூர்தம்மாள் போனாள். “பயப்படாதம்மா. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். சங்கிலிய மட்டும் பாக்கறேன்.”

கீர்த்திகா ஹேண்டில்பாரை விடாமல் பிடித்துக்கொண்டு, “டெஸ்ட் இருக்கு ஆன்ட்டி” என்றாள். அழுகிற நிலையில் இருந்தாள்.

அன்பழகன் தன் வண்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்து தூரத்திலிருந்தே நீட்டினார். லூர்தம்மாள் செயின் கவரைக் கழற்றினாள். வெளியே சிவப்பாக இருந்த கவரின் உட்புறம் நீலமாக இருந்தது.

அவள் கை நின்றது. அப்படியே குந்தியபடி பின்சக்கரத்தின் பல்லுக்குள் எதுவோ அடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துப்போன துணி. விரலால் நெம்பி இழுத்தாள். பாதி வந்தது. கசக்கிப் பார்த்தபோது மடிப்புக்குள் நிறம் தெரிந்தது. அரக்கு.

ஜோவிதாவின் பள்ளிக்கூடத் துப்பட்டா அரக்கு. முழுப்பரீட்சை நேரத்தில் ஒருநாள் வாசலிலேயே அது சங்கிலியில் மாட்டிக்கொண்டது. “பரீட்சைக்கு நேரமாச்சும்மா, வெட்டிவிடும்மா” என்று அவள் கத்த, லூர்தம்மாள் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள். சிக்கிய துண்டைக் கடையில் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். கீர்த்திகா போட்டிருந்தது சாம்பல் நிறக் கோட்டு. அவளுடைய பள்ளியில் துப்பட்டாவே கிடையாது.

“என்னா ஆன்ட்டி?”

“ஒண்ணுல்லம்மா. பழைய துணி சிக்கியிருக்கு.” குரல் சாதாரணமாகத்தான் வந்தது. “இந்தச் சைக்கிள் எங்க வாங்குனது?”

“நெடுங்காட்டுல. அலாவுதீன் பாய் கடையில. அப்பாவுக்கு அந்த ஊரு சொசைட்டியிலதான் வேலை. பழசுதான், ஆனா நல்ல வண்டின்னு பாய் சொன்னாராம்.”

“நல்ல வண்டிதான்” என்றாள் லூர்தம்மாள். சங்கிலியை ஏற்றி, கவரை மாட்டி, பெடலை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். கீர்த்திகா தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் பறந்தாள்.

துணித் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு லூர்தம்மாள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம். அவள் கண் பொய் சொல்லவில்லை. அவள் புத்தி சரியாக இருந்தது. அவள் பிள்ளையின் சைக்கிளைத்தான் அவள் கண்டாள். இனி அந்தத் திருடன் யாரென்று தெரிந்துவிட்டால் போதும். சந்தனசாமியிடம், ஊரிடம், கோர்ட்டிடம் எல்லாம் சொல்லிவிடலாம். வேலை முடிந்ததும் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நேரே நெடுங்காட்டு பஸ்ஸில் ஏறினாள்.

சேக் அலாவுதீன் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். சொசைட்டிக்காரர் மகளுக்குக் கொடுத்த சிவப்புச் சைக்கிள் என்றதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது.

“அது திருட்டு வண்டி பாய்” என்றாள் லூர்தம்மாள்.

“அஸ்தஃபிருல்லா! அந்த மாதிரி வண்டிய நான் கையால தொட மாட்டேம்மா. அது ஒரு மனுஷன் அவரா கொண்டாந்து குடுத்தது.”

“யாரு?”

“பேரு கேக்கலம்மா. டைல்ஸ் வேலை பாக்குறவரு. கை நகமெல்லாம் சிமென்ட்டு. முட்டியில வேற துணி வச்சுத் தச்ச பேன்ட்டு போட்டிருந்தாரு. எவ்வளவு வேணும்னு கேட்டேன், ஒண்ணும் வேணாம்னுட்டாரு. ‘பெயின்ட மட்டும் மாத்திருங்க பாய். படிக்கிற பொம்பளப் புள்ள யாருக்காச்சும் பாத்துக் குடுங்க’ன்னாரு. சொல்லிட்டு அந்த பெஞ்சுல ஒக்காந்து அழுவுறாரு. நான் டீ வாங்கியாரச் சொன்னேன். டீ வர்றதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டாரு.” அவர் டியூபைக் கீழே வைத்தார். “நீங்க யாரும்மா?”

முட்டியில் அந்தத் துணியை வைத்துத் தைத்தவள் அவள்தான். குளிர்ந்த தரையில் நாளெல்லாம் மண்டியிடுகிறாரே என்று, பழைய போர்வையை மடித்து இரட்டையாக வைத்துத் தைத்தாள்.

“சும்மாதான் கேட்டேன் பாய்” என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டதுகூட வெகுநேரம் தெரியவில்லை.

அன்றைக்கும் அடுத்து வந்த நாட்களிலும் அவள் சோறு வடித்தாள், குழம்பு வைத்தாள், பரிமாறினாள். அவர் எதையாவது கேட்டால் பதில் சொன்னாள். கேள்வியைத் தொண்டை வரைக்கும் கொண்டுவந்து கொண்டுவந்து விழுங்கினாள். அவர் முகத்தைப் பார்த்தால், நெடுங்காட்டு பெஞ்சில் உட்கார்ந்து அழுத மனுஷன் தெரிந்தார். அடுத்த கணம் ஸ்டேஷனில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற மனுஷன் தெரிந்தார். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் இரண்டு பேரும் கல்லறையைச் சுத்தம் செய்யப் போனார்கள். மழை விட்டிருந்தது. எல்லாக் குடும்பமும் வாளியும் சுண்ணாம்பு மட்டையுமாக வந்து இறங்கியிருந்தது. ஜோவிதாவின் கல்லறைக்குச் சந்தனசாமியே வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார். இப்போது மண்டியிட்டு, இடுக்குகளில் படிந்திருந்த பாசியைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். லூர்தம்மாள் தண்ணீர் ஊற்றினாள்.

“நெடுங்காட்டுக்குப் போயிருந்தேன்” என்றாள்.

பிரஷ் நின்றது. அவர் நிமிரவில்லை.

“பாய் சொன்னாரா?”

“ம்.”

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு ஈரக்கையைப் பேன்ட்டில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

“தெனம் காலையில நீ அத வாசல்ல கொண்டாந்து நிறுத்துவ. நான் வேலைக்குக் கெளம்பறப்ப அது அங்க நிக்கும். பாத்தா, அவ உள்ள சடை பின்னிக்கிட்டு இருக்கா, இப்ப வந்துருவான்னு எனக்கும் தோண ஆரம்பிச்சிருச்சு லூர்து. ஒருநாள் நான் நின்னுட்டேன். வாசல்ல நின்னு அவளுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். நெசமாவே காத்துக்கிட்டிருந்தேன். அப்பத்தான் பயந்துபோயிட்டேன்.”

“சொல்லியிருக்கலாமுல்ல.”

“சொன்னா குடுக்க விட்டிருப்பியா?”

“மாட்டேன்” என்றாள். உண்மை அதுதான்.

“ஸ்டேஷன்ல நீ ஸ்டாண்ட பாருங்கன்னு சொன்னப்ப நான் குடுத்தது ஒனக்குத் தெரிஞ்சுரும்னுதான் பயந்தேன். ரெண்டு வார்த்த சொன்னா பாவம்னு அனுப்பிருவாங்கன்னு நெனச்சேன். அப்பறம் கேஸுன்னாங்க, கோர்ட்டுன்னாங்க. அதுக்கப்பறம் எப்படி வாயத் தொறக்கறதுன்னு தெரியல.”

லூர்தம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

“சைக்கிள் போனது போவட்டும்ங்க. திருடின்னு பேரு வந்ததும் வரட்டும். எனக்கு மனசு சரியில்லன்னு சொன்னீங்களே. நான் அத நம்பிட்டேன். ஒங்கள நம்பாம வேற யார நம்புவேன்? எம்புள்ள சாமான எனக்கே அடையாளம் தெரியலன்னு நம்பிட்டேன். அவ மச்சம் எந்தக் கன்னத்துல இருக்குன்னு தெனம் வந்து போட்டோவ எடுத்து எடுத்துப் பாத்தேன். நீங்க அங்கயே ஒக்காந்து டிவி பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

பக்கத்துக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். லூர்தம்மாள் குரலைத் தணித்தாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

சந்தனசாமி அழுதார். சத்தமில்லாமல், கல்லறையைத் தேய்ப்பதுபோலக் குனிந்துகொண்டு அழுதார். கொஞ்சம் அடங்கியதும், “நாளைக்கே அந்த வக்கீலம்மாவப் பாக்கறேன். கோர்ட்டுல நானே சொல்லிடுறேன். என்னை என்ன வேணா பண்ணட்டும். ஒம்பேரு சுத்தமாவணும்” என்றார்.

அவள் யோசித்தாள். நெடுங்காட்டிலிருந்து திரும்பிய நாளாக அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் போலீஸ் மறுபடி வரிச்சிக்குடிக்குப் போகும். சைக்கிளைக் கொண்டுவரச் சொல்லும். ஏன், எதற்கு என்று அந்தப் பிள்ளை கேட்கும். செத்துப்போன பெண்ணின் சைக்கிள் என்று யாராவது சொல்வார்கள். சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அப்புறம் அது ஏறுமா? ஏற விடுவார்களா?

“வேணாம்” என்றாள்.

“ஏன்?”

“அந்தப் புள்ள அதுலதான் போவுது. தெரிஞ்சா தொடாது. பயந்துக்கும். பொறவு அந்த பஸ்ஸுக் கூட்டத்துல தொங்கிக்கிட்டுப் போவணும். வேணாங்க.”

“அப்ப ஒம்பேரு?”

“அது கெடக்கட்டும்.”

“நான் என்ன பண்ணட்டும் லூர்து? சொல்லு. நீ என்ன சொன்னாலும் செய்யறேன்.”

அவளுக்குத் தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மன்னிக்க மாட்டேன் என்றும் வரவில்லை. “பாசி இன்னும் போவல, தேயுங்க” என்றாள். அவர் பிரஷ்ஷை எடுத்தார். அவள் தண்ணீர் ஊற்றினாள்.

கார்த்திகை பிறப்பதற்குள் அவளுடைய மாதம் முடிந்தது. அன்பழகன் அதற்கு முன்பே போய்விட்டார். தன் கடைசி நாளில் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “வர்றேன்க்கா” என்றார். அவர் முகத்தை அப்போதுதான் அவள் முதன்முதலாகப் பார்த்தாள். எதிர்பார்த்ததைவிடச் சின்ன வயசு.

கடைசி நாளன்று அவளும் அல்லியும் பாதையின் ஓரக் கோட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். அல்லி, “ஃபேன்சி கடையில கூப்புடலன்னா சொல்லுங்கக்கா. எங்க கான்ட்ராக்டர்கிட்டக் கேட்டுப் பாக்கறேன். கல்லு பதிக்கிறதுக்கு ஆள் வேணும்பாரு” என்றாள். கடையிலிருந்து இன்னும் ஆள் வரவில்லை. வராது என்று லூர்தம்மாளுக்குத் தெரிந்துபோயிருந்தது. “கேளு அல்லி” என்றாள்.

கீர்த்திகா தோழிகளோடு வந்தாள். அவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு, ஈரப் பெயின்ட்டில் சக்கரம் படாமல் சைக்கிளை ஓரமாக நிறுத்தினாள். சங்கிலியைச் சரிசெய்து கொடுத்த நாளிலிருந்து அவள் பயப்படுவதில்லை. போகும்போது பெல் அடித்துவிட்டுப் போவாள். இன்றைக்கு என்னமோ கேட்கவேண்டும் என்று வந்திருப்பது முகத்தில் தெரிந்தது.

“ஆன்ட்டி, கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?”

“கேளும்மா.”

“அன்னிக்கு ஏன் என் சைக்கிள எடுத்தீங்க? அப்பாகிட்டக் கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. ஒங்களப் பாத்தா எடுக்கறவங்க மாதிரி தெரியல.”

அல்லி பிரஷ்ஷைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

“எம்பொண்ணுகிட்ட இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சும்மா. காணாமப் போயிடுச்சு. அதுதான்னு நெனச்சு எடுத்துட்டேன்.”

“அய்யோ. அவங்க என்னா படிக்கிறாங்க?”

“ஒன்னவிட ஒரு வகுப்பு கூட” என்றாள் லூர்தம்மாள். “இப்ப வெளியூர்ல இருக்கா.”

“ஹாஸ்டல்லயா?”

“ஆமாம்மா.”

“அவங்க சைக்கிள் கெடச்சுதா?”

“கெடச்சிருச்சு. நல்லாத்தான் இருக்கு.”

கீர்த்திகாவுக்கு அது நிம்மதியாக இருந்தது. “அப்பச் சரி ஆன்ட்டி” என்று சிரித்துவிட்டு ஏறி மிதித்தாள். இரண்டு பக்கமும் முள் இல்லை, வழியில் கண்ணாடி இல்லை. முகத்தை மறைக்கக் கையைக்கூடத் தூக்கவேண்டியில்லாமல் வளைவு வரைக்கும் போனாள். லூர்தம்மாள் இந்தமுறை வாய்க்கால் பக்கம் திரும்பவில்லை. சிவப்பு மறைகிற வரைக்கும் பார்த்தாள். மறைந்த பிறகு, கல்லறையில்கூட வராத அழுகை உடைந்து வந்தது. அல்லி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். “என்னாக்கா, என்னாக்கா” என்று கேட்டாளே தவிர, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் கையிலிருந்த வெள்ளை ஆரஞ்சுக் கோட்டிலெல்லாம் ஒட்டிக்கொண்டது.

வேலை முடிந்து கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டுக்கு வந்தபோது சந்தனசாமி பைக்கோடு நின்றிருந்தார். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. தலையெல்லாம் தூறல்.

“வீட்டுக்குப் போவலாமா?” என்றார்.

நடந்துபோகலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். மழை வலுத்துக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தாள். எப்போதும்போல அவர் தோளைப் பிடிக்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணாடியில் அதைப் பார்த்தார். வண்டியை மெதுவாக எடுத்தார்.